விருப்ப வரிசை

மாலை ஐந்து மணிக்குள்
மூன்று ஊர்களைச் சொல்லச் சொல்கிறது கணினி.
வாழப் பிடித்த ஊர் எது என்று கேட்கவில்லை,
பணியாற்ற விருப்பமா என்றுதான்.
இரண்டும் ஒன்றென்று நினைக்கிற
யாரோ எழுதிய கேள்வி.

வண்ணார்பேட்டைக் கிளையில் ஆளுக்கொரு சொர்க்கம்.
தங்கபுஷ்பம் மேடத்துக்குக் கோயம்புத்தூர்:
குழாயைத் திறந்தால் சிறுவாணி,
மகனுக்குக் காலேஜ் பக்கம்.
மைதீன் பிச்சை சாருக்குச் சென்னைதான்.
"ராத்திரி ரெண்டு மணிக்கும் புரோட்டா கெடைக்கும்லா" என்கிறார்
ஒன்பதரைக்கே தூங்கிவிடுகிற மனிதர்.
லோன் பிரிவு உச்சிமாகாளிக்கு
அம்பாசமுத்திரத்தைத் தாண்டி ஊரே கிடையாது,
அதிலும் ஆற்றுக்கு இந்தக் கரை.

நான் நாலு ஊரில் வாடகை கொடுத்தவள்.

பல்லாவரத்தில்
தண்ணீர் லாரி வரும் நாள் பார்த்துத்தான்
தலைக்குக் குளித்தேன்.
கோவையில் எல்லோரும் 'ங்க' போட்டார்கள்.
'ங்க' போட்டே
ராத்திரி மாடிப்படி ஏறியது யாரென்று விசாரித்தார்கள்.
ஓசூரில் பதினோரு மாதம்
ஒருவரும் என்னை எதுவும் கேட்கவில்லை.
குளிர்.
தமிழும் கன்னடமும் தெலுங்கும் மப்ளர் சுற்றிக்கொண்டு
ஒரே பால்பூத்தில் சில்லறைக்கு நிற்கும்.
அங்கேதான் முதன்முதலாக
ஆள் உயரக் கண்ணாடி ஒன்று வாங்கினேன்.
ஏனென்று தெரியவில்லை.

பிறகு இங்கே மாற்றல்.
பெருமாள்புரத்தில் 'வீடு வாடகைக்கு' பலகை பார்த்து
ஸ்கூட்டியை நிறுத்தினேன்.
வீட்டுக்கார அம்மாள் மோர் கொடுத்தாள்.
"சொந்த ஊரு எது?"
சொன்னேன்.
"அங்க எந்தப் பக்கம்?"
சொன்னேன்.
"கோயிலுக்கு மேக்கயா, கெழக்கயா?"

திசை கேட்கிறவள் வழி தெரியாதவள் இல்லை.

டம்ளரை நானே கழுவி வைக்கட்டுமா என்று
வாய்வரை வந்தது. கேட்கவில்லை.
"ஒரு தம்பி ஏற்கெனவே அட்வான்ஸ் தந்துட்டான் கேட்டியளா,
நான்தான் மறந்துட்டேன்" என்றாள்.

ஆறாவதாகப் பார்த்த வீடு கிடைத்தது, கே.டி.சி. நகரில்.
வீட்டுக்காரர் துபாயில்.
அவருக்கு மாதத்தின் ஐந்தாம் தேதி போதும்.

ஆனி மாதம் ஜங்ஷனுக்குப் போகையில்
ஆற்றுப் பாலத்தில் மேல்காற்று
வண்டியை ஒரு முழம் தள்ளி வைக்கும்.
ஹேண்டிலை இடப்பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும்.
அது எனக்குப் பழகிவிட்டது.
முருகன்குறிச்சியில் ஒரு டீக்கடை,
நின்றுகொண்டே குடிப்பேன்.
ஆண்கள் ஓரடி நகர்வார்கள்,
பேச்சை நிறுத்துவதில்லை.
"மேடத்துக்குச் சீனி கம்மி" என்று
மாஸ்டரே சத்தம் கொடுத்துக்கொள்வார்.
இதற்கெல்லாம் ஒரு ஊருக்கு எத்தனை மார்க் போடுவது?

நாலு ஐம்பது.
பட்டியலை உருட்டிக்கொண்டே போகிறேன்,
கீழே, இன்னும் கீழே, கடைசிக்குப் பக்கத்தில் கிடக்கிறது.
முதல் விருப்பம்: திருநெல்வேலி.

"என்ன மேடம், ஒங்களுக்கும் ஊர்ப்பாசம் வந்துட்டா?"
உச்சிமாகாளி எட்டிப் பார்க்கிறான்.

பாசமெல்லாம் இல்லை.
இரண்டு வருஷமாக அந்தப் பலகை
அதே கம்பியில் தொங்குகிறது.
பெட்ரோலுக்குக் கேடுதான், சுற்றுவழிதான்,
ஆனாலும் காலையில் அந்தத் தெரு வழியாகத்தான் வருகிறேன்.
அவள் பால் பாக்கெட் எடுக்க வெளியே வரும் நேரம்
ஹாரன் அடித்து
"அட்வான்ஸ் தம்பி வந்தாச்சா?" என்று கேட்க
இதை விட்டால் எனக்கு வேறு ஊர் இல்லை.

நேற்று அவள் சிரித்துவிட்டாள்.
அது எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவது: ஓசூர்.
மூன்றாவதை நிரப்பாமல் விடமாட்டேன் என்கிறது கணினி.
"சும்மா எதையாவது அமுக்குங்க" என்றபடி
கைப்பையை மாட்டிக்கொள்கிறார் தங்கபுஷ்பம் மேடம்.
கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன்.
எந்த ஊரென்று
இன்னும் பார்க்கவில்லை.